ஓட்டை பனியனோடு திருப்பூர் போனேன்

சுவா மேடம் வீட்டில் பதினேழு நாற்காலிகள் இருந்தன. உட்கார ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நூறு வயது தாண்டியவை என்பார். சிலவற்றின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருக்கும். நாடா இல்லாத ஒன்றில் ஒருமுறை உட்காரப் போனேன். "ஐயோ, அது இன்னும் பலவீனம்!" என்று அலறிவிட்டார். அன்றிலிருந்து வேலை விஷயமாக அங்கே போனால் எனக்குச் சமையலறையின் பிளாஸ்டிக் முக்காலிதான். உண்மையைச் சொன்னால் மேடமும் காலைக் காப்பியை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் குடிப்பார்.

சிங்கப்பூரில் அவருக்கு ஒரு துணிக்கடை. உடைகளை அவரே வரைவார். தைப்பதற்கு ஆள் பிடிப்பதும், தைத்து வந்ததைச் சுமந்து வருவதும் என் வேலை. வீடு நிறையப் பழைய பொருள்கள். நின்றுபோன கடிகாரங்கள், விரிசல் விட்ட ஜாடிகள், கால் ஒடிந்த மரக் குதிரை. இவை எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பனியன்.

அரைக்கை, கழுத்தில் இரண்டு பொத்தான், அடி ஓரத்தில் மூன்று ஓட்டை. இடது மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. அந்தக் காலத்து மாலுமி ஒருவன் அணிந்தது, கறை அவன் இழுத்த நங்கூரச் சங்கிலியின் துரு என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்வார். வீடு தீப்பிடித்தால் முதலில் இதைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்பார். கூட இருக்கிற என்னைத் தூக்குவாரா என்று நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அந்தப் பனியனைச் சட்டத்திலிருந்து கழற்றி என் முன்னால் வைத்தார். "இதே வெட்டு, இதே தொளதொளப்பு. ஐந்நூறு வேண்டும். உங்கள் ஆட்கள் இதையெல்லாம் ஏதோ ஒரு ஊரில் செய்கிறார்களாமே?"

நான் பிறந்ததே சிங்கப்பூரில். திருப்பூர் என்ற பெயரைப் பனியனின் கழுத்துப் பட்டையில்தான் படித்திருக்கிறேன். அதைச் சொல்ல விடவில்லை அவர். துவைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, மடிக்கவே கூடாது என்று மூன்று விரலை நீட்டினார். "போனபடியே திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் நீயும் வர வேண்டாம்."

மடிக்கக் கூடாது என்பதால் பெரிய தட்டையான அட்டைப்பெட்டி. கோயம்புத்தூரில் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோதுதான் தெரிந்தது, இந்த ஊரில் உட்கார்ந்திருப்பவன் மடி பொதுச்சொத்து என்று. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள், "சித்த இதப் புடிங்க கண்ணு" என்று கத்தரிக்காய்ப் பையை என் பெட்டியின் மேல் இறக்க வந்தார். பதறிப்போய்ப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன்.

கண்டக்டர் கேட்டார். "என்னுங்க அது, சாமி படமுங்களா?"

வேறு என்ன சொல்வது? ஆமாம் என்றேன். உடனே மரியாதை கூடிவிட்டது. ஜன்னல் ஓர ஆள் எழுந்து இடம் விட்டார். பக்கத்திலிருந்த பெரியவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கோ ஒரு மாலுமி வியர்த்துத் தள்ளிய பனியன், திருப்பூர் வரை சாமியாகவே வந்து சேர்ந்தது.

பஸ் ஸ்டாண்டில் குழந்தைவேல் மொபெட்டோடு நின்றார். பனியன் கம்பெனி முதலாளி, ஐம்பதை நெருங்குபவர், வெள்ளை வேட்டி சட்டை. லாட்ஜில் தங்குகிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம ஊடு இருக்கையில லாட்ஜ் எதுக்குங்க? ஒறம்பரையா வந்திருக்கறீங்க." விருந்தாளியைத்தான் ஒறம்பரை என்கிறார்கள். நானும் பெட்டியும் பின்னால் ஏறிக்கொண்டோம். நொய்யல் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் சாயத் தண்ணீர் கருஞ்சிவப்பாக ஓடியது. "இன்னைக்கு மெரூன் ஆர்டருங்க" என்றார் திரும்பாமலே. எங்கள் ஊரில் ஆற்றில் எச்சில் துப்பினாலே பிடித்துக்கொள்வார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

பெருமாநல்லூர் பக்கம் வீடு. உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்தின் நடுவில், எல்லோரும் சோபா போடும் இடத்தில், ஒரு பழைய தையல் மெஷின் நிற்கிறது. சந்தனம், குங்குமம், காலையில் போட்ட மல்லிகைச் சரம். அவர் முதன்முதலில் வாங்கிய மெஷினாம். சோபா சுவரோரம் ஒதுங்கி இருந்தது, கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறையோடு. உட்கார்ந்தால் வழுக்கியது.

கண்ணாடி ஷோகேஸ் முழுக்க வெளிநாட்டு பையர்கள் கொடுத்த பரிசுகள். துணி வாங்க வருகிற வெள்ளைக்காரர்களைத்தான் அங்கே பையர் என்கிறார்கள். மரச்செருப்பு ஒரு ஜோடி. ஒரு செருப்பில் சாவிக்கொத்து, இன்னொன்றில் ஊதுபத்திக் கட்டு. மூடிய அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஒரு குயில் கடிகாரம். வெளியே எடுத்தால் தூசி படியுமாம். குயில் உள்ளேயிருந்து அமுங்கிய குரலில் மணிக்கு மணி கூவியது. மீன் வடிவப் பீங்கான் தட்டு மட்டும் ஷோகேஸில் இல்லை. அது சமையலறையில் இருந்தது. அவர் மனைவி சரசா அதில்தான் எனக்குச் சந்தகை, அதாவது அந்த ஊர் இடியாப்பம், பரிமாறினார். தேங்காய்ப்பால், வெல்லம், அதற்கு மேலே வாழைப்பழம். சுவா மேடம் பார்த்திருந்தால் தட்டைப் பிடுங்கிச் சுவரில் மாட்டியிருப்பார், நான் பட்டினி கிடந்திருப்பேன்.

சாப்பிட்டதும் குழந்தைவேல் ஒரு இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காகப் பனியன்கள். கம்பெனி செய்த ஒவ்வொரு ஆர்டரிலும் பையர் சம்மதித்து முத்திரை வைத்த ஒரு சாம்பிள். ஒவ்வொன்றின் கதையும் அவருக்கு மனப்பாடம். இந்தப் பச்சைக்குத்தான் மூன்று தடவை சாயம் மாற்றினோம், இந்தக் கழுத்துக்குத்தான் ஜெர்மன்காரர் அழ வைத்தார். நான் ஒன்றைத் தொடப் போனேன்.

"ஐயோ, தொடாதீங்க! இத எங்கூட்டுலயே யாரும் தொட மாட்டாங்க."

கடல் தாண்டி வந்து இன்னொரு சுவா மேடத்திடமே மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இவர் வேட்டி கட்டியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேல் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டதோ, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்த, கம்பெனியில் கழித்துவிட்ட பீஸ். வீட்டில் எல்லோருக்கும் அதுதான். பால் ஊற்ற வந்தவர் பெல்ஜியம் பெண்கள் கால்பந்துக் குழுவின் பனியனில் வந்தார்.

மறுநாள் கம்பெனி. சாம்பிள் தைக்கும் காதர் பாயிடம் பெட்டியைத் திறந்து காட்டினேன். நாற்பது வருஷம் பனியனோடு வாழ்ந்த மனிதர். இரண்டு விரலால் துணியைத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், கத்திரியை எடுத்தார்.

"பாய்! என்ன பண்றீங்க?" நான் போட்ட கூச்சலில் பத்து மெஷின் நின்றது.

"சாம்பிள்னா பிரிச்சுத்தான் தம்பி அளவெடுப்போம். எப்பவும் ரெண்டு அனுப்புவாங்க. ஒண்ணு பாக்க, ஒண்ணு வெட்ட."

"உலகத்துலயே இது ஒண்ணுதான் பாய்."

அவர் மறுபடி பனியனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டில் எதைப் பற்றிப் பரிதாபப்பட்டார் என்று தெரியவில்லை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு டேப்பை எடுத்தார்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு பனியன். எது நான் கொண்டுவந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதே சாயம் போன வெள்ளை, அதே பொத்தான். அடி ஓரத்தில் அதே இடத்தில் மூன்று ஓட்டை. இடது மார்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"பாய், ஓட்டை எதுக்கு? கறை எதுக்கு?"

"சாம்பிள்ல இருக்குல்ல?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒரு பையர் லேபிளைத் தலைகீழா தச்சு அனுப்புனான். நாங்க தலைகீழாவே தச்சுக் கொடுத்தோம், வாங்கிக்கிட்டான். பக்கத்துக் கம்பெனில புத்திசாலித்தனமா நேரா தச்சான், மொத்தமும் திரும்பி வந்துருச்சு. சாம்பிள்ல இருக்கறது பீஸ்ல இருக்கணும் தம்பி. கேள்வி கேக்கக் கூடாது. கறைக்கு டீத்தண்ணில மூணு தடவை முக்கி எடுத்தேன்."

அசலின் கழுத்துப் பட்டை கொஞ்சம் இளகியிருக்கும். அதை வைத்து எது எது என்று காட்டினார். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்கு ஆள் வந்தது. சரசா வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சோறு அனுப்பியிருக்கிறார், நெய் ஊற்றி, சூடாக. நகலைக் குழந்தைவேலிடம் காட்ட எடுத்துக்கொண்டேன். அசலை, மடியாமல் விரித்து வைக்க நல்ல அகலமான மேசையாகத் தேடி, டியூப் லைட்டுகளுக்கு அடியில் பளிச்சென்று இருந்த வெள்ளை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். நெய் மணம் மூளையை மறைத்துவிட்டது. வேறு சாக்கு சொல்வதற்கில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கரண்ட் போனது. நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். எழுந்து வந்தபோது மணி நாலு. மேசை காலி.

"இதத் தேடறீங்களா?" என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், கையில் ஊசி. பெயர் ராஜாமணி, மங்கலத்திலிருந்து வருபவள். அந்த மேசை செக்கிங் மேசை. முடிந்த பனியன்களை அங்கே விரித்துப் போட்டு, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, சரி செய்து அனுப்புவது அவள் வேலை.

என் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தாள். உள்ளே அட்டை வைத்து, கச்சிதமாக மடித்து, பளபளவென்று ஒரு வெள்ளைப் பனியன். "மூணு ஹோலு, ஒரு பெரிய ஸ்டெயின், கழுத்து லூசு. எல்லாம் கிளியர் பண்ணிட்டேனுங்க. இத்தனை டேமேஜ் இருக்கற பீஸை இங்க வரைக்கும் எப்பிடித்தான் உட்டாங்களோ!"

துவைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, மடிக்கக் கூடாது. மூன்றும் முடிந்திருந்தது. ஓட்டை இருந்த இடத்தைத் தேடினேன். கண்ணி கண்ணியாக எடுத்துக் கட்டியிருந்தாள், விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை.

குழந்தைவேல் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். சிங்கப்பூருக்கு அவர் செய்யும் முதல் ஆர்டர் இது. "யாரக் கேட்டும்மா தொட்டே?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். அவள் ஊசியை மேசையில் வைத்தாள். என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். அந்த மேசையில் வைத்தது நான்தான் என்று சொல்ல வேண்டிய நேரம் அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "நகல் ஒண்ணு இருக்குதுல்லீங்க? ஓட்டை, கறை எல்லாம் இருக்குது. மேடத்துக்கு அதையே குடுத்துருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இதை எழுதுகையில் இப்போதும் கூசுகிறது.

டீ குடிக்க வெளியே வந்தால், பஸ் நிறுத்தத்தில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு ராஜாமணி. திரும்பிப் போய்விடலாமென்று பார்த்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அந்த டேபிள்ல வெச்சது நீங்கதானுங்களே?"

"ஆமாம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வேற கம்பெனி இல்லாத ஊரா இது? போயிக்குவேன். ஆனா ஏன் நிறுத்துனாங்கன்னு கேப்பாங்கல்லீங்க? வேலைய ஒழுங்கா செஞ்சதுக்கு நிறுத்திப்போட்டாங்கன்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?"

பேச்சை மாற்ற, அந்தக் கறையின் மகிமையைச் சொன்னேன். மாலுமி, நங்கூரம், சங்கிலித் துரு. அவள் சிரித்துவிட்டாள்.

"துருவா? எட்டு வருசமா கறை எடுக்கறனுங்க. நானும் துருன்னு நெனச்சுத் துரு மருந்துதான் மொதல்ல போட்டேன். அசையவே இல்ல. அப்பறம் காப்பிக்குப் போடறதப் போட்டேன். ரெண்டே தடவ, போயிருச்சு. அது காப்பிக் கறைங்க. அதும் பால் ஊத்துன காப்பி."

மங்கலம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் டீயை மறந்துவிட்டு எதிரிலிருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்குள் நுழைந்தேன். வேலை போனாலும் போகட்டும், ஒரு பெண் என் நெய்ச்சோற்றுக்காகத் தெருவில் நிற்க வேண்டாம் என்று தோன்றியது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அவமானம்தான் பிடரியைப் பிடித்துத் தள்ளியது.

சிங்கப்பூரில் இரவுச் சாப்பாட்டு நேரம். மேடத்தின் குரலுக்குப் பின்னால் விருந்தாளிகளின் சிரிப்பும் தட்டுச் சத்தமும் கேட்டன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான்தான் வைத்தேன், ஓட்டைகள் போயின, கறை போனது, மடித்தும் விட்டார்கள், நகல் ஒன்று இருக்கிறது, அதை அசல் என்று கொடுக்க இருந்தேன். திட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். வராததால், பயத்தில் வாய் உளறியது. "அது துரு இல்லையாம் மேடம். காப்பியாம். பால் ஊற்றிய காப்பி."

தட்டுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. தொலைபேசியை இழுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகிறார் போலிருக்கிறது. கதவு சாத்தும் சத்தம்.

"யார் சொன்னது?"

"கறை எடுத்த பெண்."

"நல்ல கண் அவளுக்கு." பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரலில் சொன்னார். "அதை வாங்கி மாட்டிய அன்றைக்கே. ஒரு கையில் சட்டம், ஒரு கையில் கோப்பை. சாயங்காலம் வரை தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஒருவர் 'இது துருவா?' என்றார். ஆமாம் என்றேன். பன்னிரண்டு வருஷமாக ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் முதல்முறையாகப் பிரியமும் வந்தது. அந்தப் பதினேழு நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டே ஒரு பொய்யைக் காவல் காத்திருக்கிறார் பாவம்.

"மேடம், ஓட்டைகள்?"

"அவை அசல்," என்றார் ரோஷத்தோடு. "அந்தப் பெண்ணை வேலையில் வைத்துக்கொள்ளச் சொல். என் ஐந்நூறையும் அவள்தான் பார்க்க வேண்டும். காப்பி விஷயம் யாரிடமும் சொல்லாதே."

இத்தனை வருஷம் காப்பாற்றியாகிவிட்டது. மேடத்துக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அன்றே போய்க் குழந்தைவேலிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அடப் போங்க, மத்தியானமே சொல்லியிருந்தீங்கன்னா அந்தப் புள்ளைய நானு இத்தனை பேசியிருக்க மாட்டேனுல்லங்க!" கோபம் அவர்மேலேயே திரும்பிவிட்டது. மறுநாள் காலையில் அவரே மங்கலத்துக்கு மொபெட்டை எடுத்தார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். வழியில் மொபெட் இரண்டு முறை நின்றது. தறிச் சத்தம் இரண்டு பக்கமும் காதைப் பிளக்க, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ள, இருவரும் தள்ளினோம். ராஜாமணியின் வாசலில் நின்று, "தப்பு நம்முளுது அம்மணி, வேலைக்கு வந்துரு" என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க, அந்த மொபெட்டுல மட்டும் ஏற மாட்டேன்" என்று பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

கடைசி நாள் குழந்தைவேல் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப ஐந்நூறும் எப்பிடிங்க? கறையோடவா, கறையில்லாமயா?"

கறை வேண்டாம், ஓட்டையும் வேண்டாம் என்றேன். காதர் பாய் முகம் வாடிவிட்டது. டிரம் நிறைய டீத்தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தாராம்.

பழைய அட்டைப்பெட்டியில் இரண்டு பனியனையும் வைத்து ராஜாமணியே கட்டிக் கொடுத்தாள். இந்தத் தடவை பஸ்ஸில் கேட்டபோது பனியன் என்றேன். யாரும் இடம் விடவில்லை. கத்தரிக்காய்ப் பை, ஒரு குழந்தை, பிறகு ஒரு கோழி, எல்லாம் பெட்டியின் மேலேயே பயணம் செய்தன.

சிங்கப்பூர் திரும்பிப் பெட்டியைத் திறந்ததும், மேடம் அசலை எடுத்து அங்கேயே போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாகச் சுவரில் தொங்கியது அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது முக்காலியில் காப்பி. கறையுள்ள நகல் சட்டத்துக்குள் போய்விட்டது. துருக் கதையை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அந்த வாரமே விருந்து. மேடம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நங்கூரத்தையும் சங்கிலியையும் பற்றி முன்னைவிட உருக்கமாகச் சொன்னார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஒரு விருந்தாளி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "கறைக்குப் பக்கத்தில் இது என்ன, சின்னதாகச் சிவப்பில்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பெட்டி கட்டும்போது ஒட்டியிருக்கிறாள். கறையுள்ள பீஸை அம்பு ஒட்டாமல் வெளியே விட அவள் கைக்கு மனசு வரவில்லை. அம்பு நேராகக் கறையைக் காட்டிக்கொண்டிருந்தது.

மேடம் இமைக்கவே இல்லை.

"அதுவா? அந்தக் காலத்தில் மாலுமிகள் திசை பார்க்கப் போட்டுக்கொள்ளும் குறி," என்றார்.